மெசில் இருந்தால் அமைதி

போட்டி நாளன்று ஓக்ரான் ஆறு பேருக்கும் முகப்பூச்சு போட்டுவிடுவாள். மேடை ஏறுவது ஐந்து பேர்தான். ஆனால் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்தக் கணினி விளையாட்டு லீக்கின் விதி. அதனால் ஆறாவது ஆளும் அணியின் மேல்சட்டையை மாட்டி, தலை வாரி, மேடை விளக்கில் முகம் எண்ணெய் வடியாதபடி பவுடர் பூசிக்கொண்டு, பின்னாலுள்ள காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹன்பியோல் அணியில் அந்த ஆறாவது ஆள் யோம் கன்ஹோ. போட்டி முடிந்ததும் கழிப்பறைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேனில் ஏறுவான்.

"இன்னைக்காவது இது வேர்வையில கரையுமா, இல்ல வழக்கம்போலக் குழாத் தண்ணிதானா?" என்று ஓக்ரான் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பியபடி கேட்பாள். லீக்கில் ஐந்தாறு அணிகளுக்கு அவள்தான் முகப்பூச்சு.

"தண்ணின்னா என்னக்கா? வேன்ல அழகா உட்கார்ந்து போறேன்ல."

"யாரு பாக்க?"

"டிரைவர் பாப்பாரு."

கன்ஹோவின் ஊர் ஜெச்சோன். அப்பா பழுதான வண்டிகளை இழுத்துவரும் லாரி ஓட்டினார். அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. பத்தாம் வகுப்பில் ஊரிலிருந்த கணினி விளையாட்டுக் கடையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று அம்மா சொல்வாள். பயிற்சி பெறும் வீரனாக சியோலுக்கு வந்தபோது, வயிற்றுக்கு நல்லது என்று அவள் பச்சை பிளம் பழப் பாகு ஒரு பெரிய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பாட்டில் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழத்தின் பெயர் மெசில். பையன்கள் அவனை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். திரையில் அவன் பெயராகவும் அதுவே நிலைத்தது. ஹன்பியோலின் இரண்டாம் அணியில் ஆடி, முதல் அணிக்கு ஏறி, இரண்டு ஆண்டுகள் நிரந்தர இடம் வைத்திருந்தான். ஒருமுறை இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றார்கள். பிறகு விரல்கள் ஓர் இமைப்பொழுது பிந்தத் தொடங்கின. வெளியில் யாருக்கும் தெரியாத பிந்தல். எதிரில் ஆடுகிறவனுக்கு மட்டும் தெரியும். வேறு அணிக்குப் போனான். அங்கேயும் ஒத்துவரவில்லை. ஹன்பியோல் அவனை ஆறாவது ஆளாகத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இப்போது இருபத்தாறு வயது. வரும் ஜனவரியில் ராணுவ சேவைக்குப் போக வேண்டும். போய்வந்து மீண்டும் ஆடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவன் ஆடும் இடத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. ஆகவே இந்தக் கோடைப் பருவம்தான் கடைசி. மேடையில் உட்கார்ந்து ஆடி இதை முடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. கோப்பை பற்றியெல்லாம் அவன் யோசிப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது.

அது ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதும் ஆட்டம். மூன்று பாதைகளில் நால்வர் நிற்பார்கள். ஐந்தாமவன் பாதைகளுக்கு நடுவே உள்ள காட்டில் திரிவான். எதிரி வருவது திரையில் தெரிய அங்கங்கே விளக்கு நட்டுவைப்பார்கள். எந்தப் பாதைக்கு உதவி வேண்டும், எப்போது பாய வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் காட்டுக்காரன் வாயிலிருந்தே வரும். கன்ஹோ காட்டுக்காரன். அந்த இடத்தில் இப்போது நிரந்தரமாக ஆடுபவன் ஹா சுங்ஜு. திரைப் பெயர் தொக்கி. முயல் என்று அர்த்தம். இருபது வயது, முயலுக்கு உள்ள வேகமும் முயலுக்கு இல்லாத வாய்த்துடுக்கும்.

நாளை யார் ஆடுவார்கள் என்று முந்தின நாளே லீக்குக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும். சில அணிகளில் அதைப் பயிற்சி ஆட்டங்களின் வெற்றிக் கணக்கு தீர்மானிக்கும். சில அணிகளில் அணியை நடத்தும் கம்பெனிக்காரர்கள் தீர்மானிப்பார்கள். யார் பெயர் போட்ட மேல்சட்டை அதிகம் விற்கிறதோ அவனுக்கே இடம். ஹன்பியோலின் தலைமைப் பயிற்சியாளர் பியோன் ஹக்சுவுக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. பயிற்சி ஆட்டங்களில் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து, படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் காரில் போட்டுக் கேட்பார். இல்சானில் உள்ள பயிற்சிக் கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு ஆட்டம், மறுநாள் வரும்போது ஒரு ஆட்டம்.

"விரலைப் பாக்க லட்சம் பேரு இருக்கான். காது குடுத்துக் கேக்க ஒருத்தனும் இல்ல" என்பார்.

ஒரு பேட்டியில் இதைச் சொல்லித் தொலைத்துவிட்டார். அதிலிருந்து அணி தோற்கும்போதெல்லாம் ரசிகர்கள் அவர் காதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் மாதம் மூன்று போட்டிகள் வரிசையாகத் தோற்றபோது லாரி வந்தது. ஒரு அணியின் மீது கோபம் வந்தால் ரசிகர்கள் பணம் சேர்த்து, பக்கவாட்டில் மின்திரை பொருத்திய லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து அணியின் வாசலில் நிறுத்துவார்கள். பயிற்சிக் கூடத்துக்கு எதிரே நின்ற லாரியில், 'பியோன், காதை மூடு, கண்ணைத் திற' என்ற எழுத்துகள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. முன்னிருக்கையில் ஓட்டுநர் கிம்பாப் சோற்றுச் சுருள் தின்றுகொண்டு கால்பந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மணிக்கூலிக்கு வந்தவர். கன்ஹோ காப்பி வாங்கப் போனபோது அவருக்கும் ஐஸ் போட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தான்.

"இந்த பியோன் அப்படி என்ன பண்ணிட்டாரு தம்பி?"

"ஒண்ணும் பண்ணல. பாட்டு கேக்குற மாதிரி எங்களைக் கேக்குறாரு."

"சம்சாரம் பேசுனா கேக்காதவனுக்குத்தான் இப்படி லாரி விடணும். கேக்குறவனுக்கு எதுக்கு விடுறாங்க?" என்றார் ஓட்டுநர்.

பருவத்தின் கடைசிப் போட்டி பாக்கி இருந்தது. எதிரணி கும்சான் வேவ்ஸ். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் பருவம் அன்றோடு முடிந்தது. அந்த வாரம் பயிற்சியாளர் எல்லோரையும் கூப்பிட்டு, பயிற்சி ஆட்டங்களில் பாதியைத் தொக்கியும் பாதியைக் கன்ஹோவும் ஆட வேண்டும் என்றார். மதிய ஆட்டங்கள் ஒருவனுக்கு, மாலை ஆட்டங்கள் மற்றவனுக்கு; மறுநாள் மாறி.

தொக்கி நாற்காலியைச் சுழற்றிக் கன்ஹோவைப் பார்த்தான். "அண்ணே, பட்டாளத்துக்குப் போறதுக்குள்ள என் சீட்டைச் சூடு பண்ணி வெச்சிட்டுப் போகணும்னு வேண்டுதலா?"

"உன் சீட்டு சூடாத்தான்டா இருக்கு. நீதான் அதுல உக்கார மாட்டேங்குற, குதிக்கிற."

"வயசானா குதிக்க முடியாது. பொறாமை இருக்கத்தான் செய்யும்."

தொக்கி ஆடும்போது பயிற்சிக் கூடம் மீன் சந்தை. கீழ்ப்பாதையில் ஆடும் சோபன் தொக்கியைவிட இரண்டு மாதம்தான் பெரியவன். இருவரும் இரண்டாம் அணியில் ஒரே அறையில் படுத்தவர்கள். தொக்கி எங்காவது தனியே பாய்ந்துவிட்டால் சோபனின் சத்தம் மாடிப்படி வரை கேட்கும்.

"டேய் எருமை, கண்ணு பொடனியிலயா இருக்கு? ரெண்டு பேரு வர்றான், ஓடு!"

"எங்கடா வர்றான்?"

"உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வர்றான். ஓடுடா!"

மேல்பாதைக்காரன் கோம் எப்போதும் சாந்தமானவன். அவன்கூடத் தொக்கியிடம் எரிந்து விழுவான். ஒருவன் பேச்சில் இன்னொருவன் பேச்சு ஏறி, யார் என்ன சொன்னார்கள் என்றே பிரித்தெடுக்க முடியாது. சில ஆட்டங்கள் ஜெயித்தார்கள், சில ஆட்டங்கள் படுமோசமாகத் தோற்றார்கள்.

கன்ஹோ உட்கார்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். மாதக்கணக்கில் காத்திருப்பு அறையில் அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து, யார் எந்த நேரத்தில் எங்கே நிற்பான் என்பது அவனுக்கு மனப்பாடம். தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போவான். "கோம், கொஞ்சம் பின்னால நில்லு. சோபன், புதர்ல ஒரு விளக்கு நட்டுட்டு வா. நான் கீழ வர்றேன். இப்ப போலாம்." மற்றவர்கள் "சரிண்ணே" என்பார்கள். வேறு சத்தம் இருக்காது. வெற்றியும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

பயிற்சியாளர் காரில் கேட்டுவிட்டு வந்து, கன்ஹோவைக் கடந்து போகும்போது தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் தொடர்ந்து தட்டினார். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் தொக்கி கன்ஹோ எழும் முன்பே தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று மதியம்தான் அது நடந்தது. ஆட்டம் சூடாக இருந்த நேரம். கன்ஹோ காப்பியை ஒரு வாய் உறிஞ்சினான். ஐஸ் துண்டு ஒன்று தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமல் வந்துவிட்டது. மற்றவர் காதில் இருமக்கூடாதே என்று ஒலிவாங்கியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். காதில் மட்டும் கருவி இருந்தது. அதில் ஒரு சத்தமும் இல்லை. ஏதோ அறுந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தான். நான்கு பேரும் அவரவர் திரையில் கண்ணை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்; ஆட்டத்துக்குள் அவர்களின் வீரர்கள் ஆற்றின் கரையில் ஆடுமாடு மாதிரி ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரணி நிதானமாக வந்து நால்வரையும் வெட்டிவிட்டுப் போனது.

ஆட்டம் முடிந்ததும் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். எதிரணி ஆற்றைக் கடப்பது சோபனின் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

"டேய், நீ பாத்திருக்க. ஏன்டா சொல்லல?"

சோபன் தலையைச் சொறிந்தான். "நீங்க சொல்வீங்கன்னு இருந்தேண்ணே."

"நான் இருமிக்கிட்டு இருந்தேன்டா."

"இருமி முடிச்சதும் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

கோம் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கன்ஹோவும் சிரித்தான். ஆனால் அதன் பிறகு அந்த ஆட்டத்தைத் தனியாக உட்கார்ந்து மறுபடி கேட்டான். அதற்கு முந்தின நாள் ஆட்டங்களையும் கேட்டான். வரிசையாக அவன் குரல் மட்டுமே வந்துகொண்டிருந்தது. சோபன் எதிரியைப் பார்த்த இடங்கள் பல. அவற்றில் வாய் திறந்தவை மிகக் குறைவு. கன்ஹோ "போலாம்" என்று சொல்லிவிட்ட பிறகு ஒருவன்கூட "வேண்டாம்" என்று சொன்னதாக எங்கேயும் இல்லை.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவன் அறையிலேயே மூத்தவன். சாப்பாட்டு மேஜையில் அவன் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். கண்ணாடிக் கோப்பையில் அவனுக்கு ஊற்றும்போது இரண்டு கையாலும் ஊற்றுவார்கள். தலையில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டவுடன் அதெல்லாம் மறந்துபோகும் என்று லீக்கில் எல்லோரும் சொல்வது வழக்கம். மறந்துபோகவில்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் நால்வரையும் நிறுத்தி, "இனிமே எல்லாரும் பேசணும். நான் சொல்றது தப்புன்னு பட்டா தப்புன்னு கத்தணும். புரியுதா?" என்றான்.

"சரிண்ணே" என்றார்கள் நால்வரும் ஒரே குரலில்.

ஆட்டம் தொடங்கியது. சிறிது நேரம் கழித்து கோம், "அண்ணே, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க, நான் செத்துட்டேன்" என்றான். அவ்வளவுதான் பேசினான். அடுத்த ஆட்டத்தில் கன்ஹோ வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தான். இவன் கோபமாக இருக்கிறான் என்று நினைத்து அவர்கள் மூச்சுவிடக்கூடப் பயந்தார்கள்.

அன்று ஆட்டங்கள் முடிந்ததும் அவன் பயிற்சியாளரின் அறைக் கதவைத் தட்டினான். சொல்லிவிடலாம் என்றுதான் போனான். பியோன் காதில் கருவியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து ஒரு பக்கத்துக் கருவியைக் கழற்றி அவன் காதில் வைத்தார்.

"இதைக் கேளு. நேத்து ஆட்டம். எப்படி இருக்கு பாரு, பளிங்கு மாதிரி. ஒரு கீறல் இல்ல. ஏழு வருஷமா இந்த வேலை பாக்குறேன் கன்ஹோ, ஒரு அணி இவ்ளோ அமைதியா ஆடி நான் கேட்டதில்ல."

கன்ஹோ தன் குரலைத் தானே கேட்டபடி நின்றான்.

"பேர் குடுத்துட்டேன். கும்சானோட நீதான் இறங்குற" என்றார்.

சொல்ல வந்தது நாக்கின் நுனிவரை இருந்தது. அவன் இடுப்பு வளைத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். படிக்கட்டில் நின்று அம்மாவுக்கு போன் செய்தான்.

"நாளைக்கு ஆடுறேன்."

"உக்காந்திருப்பியா, ஆடுவியா?"

"ஆடுவேம்மா."

"அப்ப லீவு போடுறேன். அட்டையில என்ன எழுதிக்கிட்டு வரணும்? எல்லாரும் எழுதிப் பிடிக்கிறாங்களே."

"ஒண்ணும் எழுத வேண்டாம். சும்மா வா."

மறுநாள், வெள்ளிக்கிழமை, ஜோங்னோவில் உள்ள அரங்கம் நிரம்பியிருந்தது. ஓக்ரான் பவுடர் பஞ்சோடு அவன் முன்னால் வந்து நின்று, "மொதல்லயே நீயாமே? அப்ப ரெண்டு பூச்சு பூசணும்" என்று மெனக்கெட்டுப் பூசினாள். தொக்கி மூலை நாற்காலியில் மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரிலிருந்த தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிப்பவர்களுக்கே போட்டி. முதல் ஆட்டத்தைக் கன்ஹோ சுலபமாகவே ஜெயித்துக் கொடுத்தான். கும்சான் அணி வாரம் முழுவதும் தொக்கிக்காகத் தயாராகி வந்திருந்தது. தொக்கி பாயும் இடங்களிலெல்லாம் ஆள் வைத்துக் காத்திருந்தது. கன்ஹோ அங்கே போகவே இல்லை. மேடையிலிருந்து பார்த்தபோது மூன்றாம் வரிசையில் அம்மா ஒரு அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். தூரத்தில் எழுத்து தெரியவில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் கும்சான் விழித்துக்கொண்டது. இரு அணிகளும் சமமாக நின்றன. ஆட்டத்தின் பின்பகுதியில் ஆற்றங்கரைக் குகையில் பெரிய பூதம் ஒன்று எழும். அதைக் கொல்லும் அணிக்குப் பலம் கூடும். பெரும்பாலும் வெற்றியும் அங்கேயே முடிவாகிவிடும். எதிரிகள் மூவர் மேலே தெரிந்தார்கள். இருவர் கண்ணில் படவில்லை. அவர்கள் தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று கன்ஹோ கணக்குப் போட்டான்.

"போலாம். பூதத்தை எடுக்குறோம்."

"சரிண்ணே."

"சரிண்ணே."

ஐவரும் குகைக்குள் இறங்கினார்கள். பூதம் சாக இன்னும் கொஞ்சமே பாக்கி என்கிற நேரத்தில், காணாமல்போன இருவரும் பின்பக்கமிருந்து வந்து வாயிலை அடைத்தார்கள். ஐவரும் அங்கேயே முடிந்தார்கள். கூட்டத்தின் இரைச்சல் ஒலிக்கருவியையும் மீறி உள்ளே வந்தது.

மேடைக்குப் பின்னாலுள்ள நடையில் போகும்போது சோபன் அவன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "அண்ணே, நான் பாத்தேன். ரெண்டு பேரும் நம்ம விளக்கு மேலேயே நடந்து வந்தாங்க."

"எப்போ?"

"நீங்க போலாம்னு சொன்னதுக்கு அடுத்த நிமிஷமே."

"அப்புறம்?"

"நீங்கதான் போலாம்னு சொல்லிட்டீங்களே" என்றான் சோபன். அவன் கண் கலங்கியிருந்தது. இருபது வயதுப் பையனை அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

காத்திருப்பு அறையில் பயிற்சியாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆட்டத்துக்கு முன், திரையில் எவன் எந்தப் பாத்திரத்தை எடுத்து ஆட வேண்டும் என்று தேர்ந்து கொடுத்ததும் அவர் மேடையிலிருந்து இறங்கிவிட வேண்டும். ஆடும்போது பையன்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. அறையில் உள்ளது தொலைக்காட்சி மட்டும். வாசலில் லீக்கின் ஆள் ஒருவர், மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டுப்போக வந்து நின்றார்.

"மாத்தல. அதே அஞ்சு பேரு" என்று பியோன் அவரிடம் சொல்லப் போனார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றான் கன்ஹோ. "தொக்கியை ஏத்துங்க."

"கை வலிக்குதா?"

"கையெல்லாம் நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? ஒரு ஆட்டம் போனா போச்சு. நீ இருந்தாத்தான் பசங்க அமைதியா இருக்காங்க."

"அது அமைதி இல்ல சார். வாயை மூடிக்கிட்டு இருக்காங்க. நான் சொன்னா அவனுங்களுக்கு முடிஞ்சு போச்சு. பாத்தத சொல்ல மாட்டாங்க, தப்புன்னாலும் சொல்ல மாட்டாங்க. பூதத்துக்கிட்ட ரெண்டு பேரு வந்தத சோபன் பாத்திருக்கான்."

பியோன் சோபனைப் பார்த்தார். சோபன் தரையைப் பார்த்தான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஆடணும்னு இருந்துச்சு சார்."

லீக்கின் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செருமினார். பியோன் அவர் பக்கம் திரும்பினார். "மெசில் வெளிய, தொக்கி உள்ள" என்றார். லீக்கின் ஆள் எழுதிக்கொண்டு போனார்.

தொக்கி எழுந்து நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் விரல்களை விரித்து மடக்கிவிட்டு, கன்ஹோவிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணே, கை வெறைச்சுப் போச்சு" என்றான்.

அந்த அறையின் குளிர்சாதனம் கோடையில் எலும்பைத் துளைக்கும். அங்கே உட்கார்கிற ஆறாவது ஆள் பையில் இரண்டு சூட்டுப் பொட்டலம் வைத்திருந்து, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் முழு நேரமும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொக்கி அதுவரை ஒருநாள்கூட அங்கே ஆறாவது ஆளாக உட்கார்ந்ததில்லை. கன்ஹோ தன் பைக்குள் கைவிட்டான். பழக்கதோஷத்தில் இன்றைக்கும் எடுத்துவந்திருந்தான். இரண்டையும் உதறிச் சூடாக்கித் தொக்கியின் இரு கைகளிலும் திணித்து, வெளியிலிருந்து தன் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான் தொக்கி.

"நீ எங்கடா கேட்ட?"

ஓக்ரான் இடைவேளைப் பூச்சுக்காகப் பஞ்சோடு வந்து, பழக்கத்தில் கன்ஹோவின் முன்னால் நின்றாள். அவன் தாடையால் தொக்கியைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

மூன்றாம் ஆட்டம் தொடங்கியதும் பயிற்சியாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து கன்ஹோவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொலைக்காட்சியில் வர்ணனையாளர்களின் சத்தம்தான் வந்தது. அடிக்கடி வீரர்களின் முகங்களைக் காட்டினார்கள். ஐந்து வாய்களும் ஒரே சமயத்தில் அசைந்துகொண்டிருந்தன.

"சோபன் என்ன சொல்றான்?" என்றார் பியோன்.

கன்ஹோ உதடுகளைப் பார்த்தான். "தொக்கியோட கண்ணு எங்க இருக்குன்னு கேக்குறான்."

"கோம்?"

"கோமும் அதைத்தான் கேக்குறான்."

"உன்னை ஒருத்தனும் இப்படித் திட்டி நான் கேட்டதே இல்லையே."

"அதான் சார்."

பெரிய பூதம் எழுந்த நேரத்தில் தொக்கி குகையை நோக்கிப் பாய்ந்தான். சோபனின் கழுத்து நரம்பு புடைத்தது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. தொக்கி சடாரென்று திரும்பி ஓடி வந்தான். ஒளிந்திருந்த எதிரிகள் அவனைத் துரத்திக்கொண்டு வெளியே வந்து, காத்திருந்த கோமின் கையில் மாட்டினார்கள். அந்த இடத்திலிருந்து ஹன்பியோல் விடவில்லை.

ஜெயித்த பிறகு கன்ஹோ கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினான். முதலில் வந்த தண்ணீரில் பூச்சு அதிகம் இல்லை. பாதிக்கு மேல் மேடையிலேயே வேர்வையில் போயிருந்தது.

அரங்கத்தின் வாசலில் அம்மா நின்றிருந்தாள். அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"மூணாவதுல உன்னைக் காணோமே. வயித்துக்குச் சரியில்லையா?"

"ஆமாம்மா."

"காலையில வெறும் வயித்துல காப்பி குடிக்காதன்னு எத்தனை தடவ சொல்றது. பாகு தீர்ந்துபோச்சா?"

"இருக்கு."

அட்டையை வாங்கி விரித்துப் பார்த்தான். 'கன்ஹோ, சாப்பிட்டாயா?' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

அடுத்த சுற்றுக்குத் தொக்கியின் பெயர்தான் போயிற்று. பயிற்சியாளர் காரில் கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது காகிதமும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் குரல் வரவில்லை என்று குறித்துக்கொண்டார். அதற்காகச் சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும் சாலையாகத் தேடிப் போகிறார் என்று பையன்கள் கேலி செய்தார்கள்.

திங்கட்கிழமை காலை பயிற்சிக் கூடத்துக்கு எதிரே மறுபடியும் லாரி நின்றது. ஜெயித்திருந்தும் நின்றது. கன்ஹோ காப்பிக் கடையிலிருந்து திரும்பும்போது படித்துப் பார்த்தான். 'மூன்றாம் ஆட்டத்தில் மெசிலை ஏன் மாற்றினாய்? பியோன், பதில் சொல்!'

அதே ஓட்டுநர்தான். கன்ஹோ ஒரு காப்பியை ஜன்னல் வழியாக நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு தன் லாரியின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் காட்டினார்.

"ஏன் தம்பி, யாரு இந்த மெசில்?"

"ஆறாவது ஆளு."

"நல்லா ஆடுவானா?"

கன்ஹோ தன் காப்பியை உறிஞ்சினான். இப்போதெல்லாம் ஐஸை எடுத்துவிட்டுத்தான் வாங்குகிறான்.

"ரெண்டாவது ஆட்டம் வரைக்கும் ஆடுவான்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தான்.